முதல் மலை ஏற்றத்துக்கு ஓர் ஆயத்தம்

வன்னி நிலத்தில் பிறந்து வளர்ந்தவர்க்கு மேடு என்றால் குளக்கட்டு. பள்ளம் என்றால் வயல். இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள உயர வேற்றுமை ஒரு தென்னை மரத்தின் அளவைத் தாண்டுவது அரிது. மலை என்ற பெயரைத் தாங்கிய இடங்கள் நம்மிடமும் இல்லாமல் இல்லை. முல்லைத்தீவுப் பகுதியில் ஒதியமலையும் குருந்தூர்மலையும், வவுனியா வடக்கில் வெடுக்குநாறிமலையும் உண்டு. ஆயினும் அவை காட்டின் நடுவே எழுந்த பாறைக் குன்றுகளே அன்றி முகில் தொடும் சிகரங்கள் அல்ல. இத்தகைய நாட்டிலிருந்து, 2,243 மீற்றர் உயரமுள்ள சிவனொளிபாதமலையில் ஏறுவதென்று நாங்கள் ஐவர் தீர்மானித்திருக்கிறோம். ஐவரில் ஒருவரேனும் இதற்கு முன் மலையேறி அறியார்.

ஐவர் யாரென்று சொல்லிவிடுகிறோம். கமமும் சிறு கடையுமாகக் கிளிநொச்சியில் குடியிருக்கும் நாங்கள் இருவர். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் எங்கள் மகன். எங்களுடன் வாழும் அக்கா. அடுத்த வளவுப் பெரியம்மா. பெரியம்மாவுக்கு வயது 62. மஸ்கெலியாப் பகுதியில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். 1977 ஆகஸ்ட் கலவரத்தின் பின், பதினான்கு வயதுச் சிறுமியாகப் பெற்றோருடன் வன்னிக்கு வந்து சேர்ந்தார். காடு வெட்டி, கிணறு தோண்டி, குடிசை கட்டி வாழத் தொடங்கிய அக்குடும்பங்கள் இன்று நம் ஊர்களின் பிரிக்க முடியாத பகுதி.

இந்த யாத்திரைக்கு வித்திட்டவரும் பெரியம்மாவே. லயத்து வாசலில் நின்றால் அந்த மலை தெரியுமாம். பருவகாலத்தில் இரவில் அதன்மீது விளக்குகள் ஒரு மாலைபோல ஏறிச் செல்வதைப் பார்த்துக்கொண்டே உறங்குவார்களாம். "பெரிய பிள்ளையானதும் கூட்டிப் போறேன்னு அம்மா சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அதுக்குள்ள எழுபத்தேழு வந்திருச்சு" என்று ஒருநாள் நெல் புடைத்துக்கொண்டே சொன்னார். அடிவாரத்தில் பிறந்தும் ஏறாத மலை! அன்று மாலையே எங்கள் வீட்டில் இப்பேச்சு தொடங்கிவிட்டது.

வழியைப் பற்றி முதலில் ஆராய்ந்தோம். நம் வீட்டு வாசலில் ஓடும் ஏ9 வீதியை நாம் எல்லோரும் கண்டி வீதி என்றே அழைக்கிறோம். யாழ்ப்பாணத்துக்கும் கண்டிக்கும் இடையே 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் அவ்வீதியின் பெயரை நாள்தோறும் உச்சரித்தும், அதன் மறுமுனையைக் காணாதவர் நம்மிடையே எத்தனை பேர்! போரால் நெடுங்காலம் மூடப்பட்டிருந்த அவ்வீதி 2002இல் திறந்தது. 2006இல் மீண்டும் அடைபட்டது. 2009இல் போர் முடிந்த பின்னரே நிலையாகத் திறந்தது. பெயர் மட்டும் எக்காலத்திலும் மாறவில்லை. அதே வீதியில் கண்டி சென்று, அங்கிருந்து ஹற்றன், பின் மஸ்கெலியா, அதன்பின் அடிவாரமாகிய நல்லதண்ணி என்று பஸ்ஸில் போக எண்ணியிருக்கிறோம். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் மலையகத்தில் மண் சரிந்து உயிர்கள் பல மாண்டன. வீதிகளும் புகையிரதப் பாதையும் சேதமுற்றன. ஆகையால் புறப்படுமுன் வழிகளின் நிலையை விசாரிப்பதும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கைகளைக் கேட்பதும் எங்கள் பட்டியலில் முதலிடம் பெற்றிருக்கின்றன.

ஒரு மலைக்குச் செல்ல இவ்வளவு ஆராய்ச்சி வேண்டுமோ என்று சிலர் நகைக்கக்கூடும். அவர்களுக்கு ஒரு பழைய செய்தியை நினைவூட்டுகிறோம். 1344ஆம் ஆண்டில் மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இபின் பதூதா இலங்கைக்கு வந்தார். அவரை வரவேற்றவன் ஆரியச் சக்கரவர்த்தி என்னும் தமிழரசன். ஆதம் நபியின் பாதம் பதிந்த மலையைக் காண வேண்டும் என்று அவர் கேட்டார். அதற்கு அரசன் ஒரு பல்லக்கையும், ஆண்டுதோறும் அம்மலைக்குச் சென்றுவரும் யோகியர் நால்வரையும், அந்தணர் மூவரையும், பரிவாரத்தினர் பதின்மரையும், உணவுப் பொருள் சுமக்கப் பதினைவரையும் உடன் அனுப்பினான் என்று அவரது பயணக் குறிப்புக் கூறுகிறது. ஒரு புதியவரை மலையேற்ற முப்பத்திருவர்! அவருள் முன்பு ஏறிப் பழகிய நால்வர் இருந்தமையைக் கவனிக்க வேண்டும். எங்களிடம் பல்லக்கும் இல்லை, யோகியரும் இல்லை. ஆகையால் அக்குறையைக் கணக்கினாலும் பழக்கத்தினாலும் நிரப்ப முயன்றோம்.

கணக்கை மகன் ஏற்றுக்கொண்டான். நல்லதண்ணிப் பாதையில் உச்சி வரை ஏறக்குறைய 7 கிலோமீற்றர். செங்குத்தாக ஏற வேண்டிய உயரம் சுமார் ஆயிரம் மீற்றர். படிகள் 5,500 அளவில் என்பர். இரத்தினபுரிப் பக்கத்துப் பாதைகள் இதைவிட நீண்டவை, புதியவர்க்கு உகந்தவையல்ல. ஸ்கொத்லாந்து நாட்டு மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் ஓர் எளிய விதி வகுத்தார். மூன்று மைலுக்கு ஒரு மணி. அதன்மேல் ஏறும் ஒவ்வோர் இரண்டாயிரம் அடிக்கும் மேலும் ஒரு மணி. அவ்விதிப்படி எங்கள் ஏற்றத்துக்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் வேண்டும். ஆனால் அவ்விதி திடகாத்திரமான நடையாளருக்கு உரியது. நாங்கள் அதனை இருமடங்காக்கி ஆறு மணி என்று கொண்டோம். இளைப்பாற ஒரு மணியும் சேர்த்தோம். சூரியோதயம் காண விரும்பும் பலர் பின்னிரவு இரண்டு மணியளவில் புறப்படுவர். நாங்கள் முன்னிரவு பத்தரைக்கே புறப்படுவோம்.

அடுத்தது நாள். மார்கழி மாதப் பௌர்ணமியாகிய உந்துவப் போயா முதல் வெசாக் பௌர்ணமி வரை யாத்திரைப் பருவம். மற்றக் காலத்தில் பாதை விளக்குகள் எரியா. தேநீர்க் கடைகள் மூடிக் கிடக்கும். மழையும் காற்றும் மிகும். அட்டைக் கடியும் உண்டு. பருவத்திலும் போயா நாட்களிலும் வார இறுதிகளிலும் படிகளில் சனத்திரள் நெருக்கும். நடுவில் நிற்க விரும்புவோர் நிற்க இடம் இராது. காலபோக நெல் வெட்டி முடிந்து, சிறுபோக வேலை தொடங்குமுன் உள்ள இடைவெளி கமக்காரராகிய எங்களுக்கு ஓய்வுக் காலம். ஆகவே மாசி மாதத்தில், பௌர்ணமிக்கு நான்கைந்து நாள் முன்னதாக, வாரநடுவில் ஓர் இரவைத் தேர்ந்தோம். அன்று நள்ளிரவு கடந்தும் நிலவு இருக்கும்.

பழக்கம் என்பதே பெரும் பிரச்சினையாயிற்று. நடை எங்களுக்குப் புதிதன்று. இரணைமடுக் குளக்கட்டில் விடியற்காலையில் ஒரு மணி நேரம் நடந்தும் எவரும் களைக்கவில்லை. ஆனால் சமதரையில் நடப்பது வேறு; உடலை ஒவ்வோர் அடியும் மேலே தூக்குவது வேறு. படிகளுக்கு எங்கே போவது? ஊர்ப் பாடசாலையின் மாடிக் கட்டடம் நினைவுக்கு வந்தது. அதிபரின் அனுமதியுடன் பாடசாலை விட்டபின் அங்கே ஏறி இறங்கினோம். இருபது படிகள் கொண்ட மாடி அது. 5,500 படிகளுக்கு அதனை 275 தடவை ஏற வேண்டும் என்று மகன் கணக்குச் சொன்னபோது அக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். முதல் நாள் பத்துத் தடவை. ஒன்றுவிட்டு ஒரு நாள் ஓய்வு. வாரந்தோறும் பத்துத் தடவை கூட்டினோம். பேசிக்கொண்டே ஏற முடிந்தால் வேகம் சரி. மூச்சு வாங்கிப் பேச்சு நின்றால் வேகம் மிகை. பிள்ளைகள் வேடிக்கை பார்த்தனர். ஒரு சிறுமி எங்களுடன் சேர்ந்து எண்ணவும் தொடங்கினாள்.

ஆறாம் வாரத்தில் ஒரு ஞாயிறன்று மிகிந்தலைக்குச் சென்றோம். அங்குள்ள படிகள் 1,840. எங்கள் மலையில் மூன்றில் ஒரு பங்கு. ஏறும்போது பெரியம்மா நாற்பது படிக்கு ஒருமுறை நின்று, ஒன்றும் முறையிடாது மேலே சேர்ந்தார். இறங்கும்போதுதான் ஐவருக்கும் முழங்கால் நடுங்கியது. ஏற்றம் நெஞ்சைச் சோதிக்கும். இறக்கம் தொடையையும் முழங்காலையும் சோதிக்கும். இறங்குகையில் உடலின் பாரம் முழுவதையும் தொடைத் தசை நீண்டபடியே தாங்கி நிறுத்த வேண்டியிருப்பதே இதற்குக் காரணம். படியில் நேராகக் குதித்து இறங்காது, சற்றுப் பக்கவாட்டில் பாதம் வைத்து, ஊன்றுகோலை முதலில் ஊன்றி, சிறு அடியாக இறங்கினால் நோவு குறைகிறது. உச்சியை அடைந்ததும் யாத்திரை முடிந்ததென்று எண்ணாதீர்கள். பாதி வழிதான் முடிந்திருக்கும்.

பெரியம்மாவுக்கு இரத்த அழுத்தம் உண்டு. ஆகவே வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம். அவர் பரிசோதித்து, மாத்திரையை ஒருவேளையும் தவறவிடாமல், நெஞ்சில் இறுக்கமோ தலைச்சுற்றோ தோன்றினால் அவ்விடத்திலேயே நின்றுவிடும் நிபந்தனையுடன் இசைந்தார். உயரத்தால் வரும் நோய் பொதுவாக 2,500 மீற்றருக்கு மேல்தான் தொல்லை தருவது. எனினும் எங்கள் மலையுச்சியில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதன் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான். மூச்சு விரைவில் வாங்கும் என்பதை முன்னரே அறிந்திருந்தால் அச்சம் தோன்றாது.

குளிரைப் பற்றி வன்னியார்க்கு விளக்குவது கடினம். ஆயிரம் மீற்றர் உயர்ந்தால் வெப்பம் ஏறக்குறைய ஆறரைப் பாகை செல்சியஸ் குறையும். நம் ஊர் விடியற்காலையைவிட உச்சியில் பதினான்கு பாகை குறைவாக இருக்கும்; அதன்மேல் காற்று. ஏறும்போது வியர்த்த சட்டையுடன் உச்சியில் நின்றால் நடுக்கம் பிடிக்கும். ஆகவே மாற்றுச் சட்டை ஒன்று, சுவெற்றர் ஒன்று, காதை மூடும் தொப்பி ஒன்று. சப்பாத்துகளைப் புதிதாக வாங்கி, ஆறு வாரம் மாடிப்படியில் பழக்கிவிட்டோம். புதுச் சப்பாத்து மலையில் பகைவனாகும். உண்ணப் பொரிவிளாங்காயும் எள்ளுப்பாகும் தோடம்பழமும். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லீற்றர். ரோச் லைற்றும் மேலதிக மின்கலங்களும். கொண்டுபோகும் குப்பையை அப்படியே திருப்பிக் கொண்டுவர ஒரு பை. அம்மலைக்காடு 2010இல் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்ட மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. அங்கே விட்டுவர நமக்கு உரிமையுள்ள பொருள் ஒன்றுமில்லை.

பைகளைக் கடைத் தராசில் நிறுத்தோம். ஆளுக்கு ஐந்து கிலோவுக்கு மேல் ஆகாது என்பது விதி. பெரியம்மாவுக்குப் பை இல்லை, கோல் மட்டுமே. அக்காவின் பை ஆறு கிலோ காட்டியது. திறந்து பார்த்தபோது அடியில் பொலித்தீனில் சுற்றிய ஒரு கட்டு. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, பழைய படங்கள் சில. "மலைக்கு ஏன் அக்கா காணி உறுதி?" என்று மகன் கேட்டுவிட்டான். அக்கா சற்று நேரம் பேசவில்லை. பின், "பை கட்டினால் அதைத்தான் தம்பி கை முதலிலே எடுக்குது" என்றார்.

இதனை வாசிக்கும் வன்னியார்க்கு விளக்கம் வேண்டுவதில்லை. நாம் நடக்காதவர்கள் அல்லர். 2008இன் இறுதியிலும் 2009இன் தொடக்கத்திலும் கிளிநொச்சியிலிருந்து கிழக்கே தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, அதற்கப்பாலும் என்று நடந்தவர்கள். பையைக் கட்டியும் அவிழ்த்தும், ஒவ்வோர் இடத்திலும் ஒரு பொருளை விட்டும் நடந்தோம். நாளை நாம் குறிக்கவில்லை. வழியை நாம் தேரவில்லை. எங்கே நிற்பது என்பதும் நம் கையில் இல்லை. தராசில் பையை வைத்து, எது வேண்டும் எது வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே தீர்மானித்தது எங்களுக்கு அன்றுதான் முதல் தடவை. அக்கா அடையாள அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு கட்டை அலுமாரியில் வைத்தார்.

ஆயினும் அன்றிரவே ஒரு பெருந்தடை எழுந்தது. பெரியம்மா இயல்பாகச் சொன்னார்: "எனக்கு முடியாட்டி ஒரு தேத்தண்ணிக் கடையில உக்கார வச்சிட்டு நீங்க முன்னால போங்க. நான் மெதுவா பின்னால வாரேன். என் முழங்காலுக்காக நீங்க யாரும் மலையை விடக்கூடாது."

அக்கா எழுந்து உள்ளே போய்விட்டார். மறுநாள் காலையில், தாம் வரவில்லை என்றார். காரணத்தை நாங்கள் கேட்கவில்லை, அறிவோம். 2009இல் ஒரு மாலை, சனத்திரளின் நடுவே, அவருடைய மாமியார் ஒரு மரத்தடியில் அமர்ந்து, "நீங்கள் முன்னுக்குப் போங்கோ, நான் பின்னாலே வாறன்" என்றார். பிள்ளைகளைக் கையில் பிடித்திருந்த அக்கா முன்னே போனார். மாமியார் வரவில்லை. செட்டிகுளத்து முகாமிலும், அதன் பின்னரும், அக்கா தேடாத இடமில்லை.

இரண்டு நாள் யாத்திரைப் பேச்சு வீட்டில் நின்றுவிட்டது. மகன் பட்டியல் தாளை மடித்து வைத்தான். எல்லோரும் ஒன்றாகவே ஏறுவோம், ஒருவர் நின்றால் ஐவரும் திரும்புவோம் என்று நாங்கள் சமாதானம் சொன்னோம். அதனைப் பெரியம்மா ஏற்கவில்லை. தம்மால் மற்றவர் திரும்புவதானால் தாம் புறப்படவே மாட்டேன் என்றார். இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது.

மூன்றாம் நாள் அக்காவே பெரியம்மா வீட்டுத் திண்ணையில் போய் அமர்ந்தார். நாங்களும் பின்சென்றோம். அக்கா கேட்ட வினாக்கள் மூன்று: "நீங்கள் நின்றால் எந்த இடத்தில் இருப்பீங்கள்? உங்களோடு ஆர் இருக்கிறது? நாங்கள் எத்தனை மணிக்குத் திரும்பி வாறது?"

அந்த வினாக்களை 2009இல் கேட்க நேரமும் இருக்கவில்லை. கேட்டிருந்தால் விடை சொல்ல எவராலும் முடிந்திராது. இப்போது விடை சொல்ல முடியும். மகன் தாளை விரித்தான். சீத்தகங்குல வரையான முற்பகுதியில் நின்றால் அதனருகில் உள்ள யப்பானியர் கட்டிய சமாதானத் தாதுகோபம். அதற்கு மேலே நின்றால் விளக்கெரியும் மிக அண்மைத் தேநீர்க் கடை. அக்கடையின் அடையாளத்தை எல்லோரும் பார்த்துக்கொள்ள வேண்டும். நிற்பவர் தனியே நிற்கலாகாது. ஒருவர் துணை இருப்பார். ஏறும் பாதையே இறங்கும் பாதையும் ஆகையால் வழிமாற இடமில்லை. மேலே செல்வோர் காலை எட்டு மணிக்குள் அவ்விடத்துக்குத் திரும்புவர். தொலைபேசியை நம்பி ஏற்பாட்டை மாற்றலாகாது. துணை இருப்பவர் யார் என்ற கேள்விக்கு, "நான்தான்" என்றார் அக்கா.

கைவிட்டுச் செல்லுதல் வேறு. இருத்திவிட்டுச் செல்லுதல் வேறு. ஒருவரை எங்கே, யாருடன், எந்த நேரம் வரை என்று சொல்லி அமர்த்திச் சென்றால் அது பிரிவாகாது. இந்த வேற்றுமையைத் தாளில் எழுதிக்கொள்வதற்கே திட்டம் என்று பெயர் என்பதை நாங்கள் அன்று அறிந்தோம். வேகமும் வீரமும் அதன் பின்னரே.

இன்னொரு விதியும் வகுத்தோம். ஐவரில் மெதுவாக நடப்பவர் முன்னே செல்வார். மற்றவர் அவர் நடைக்கு ஏற்பப் பின்தொடர்வர். விரைந்து நடப்பவனான மகன் எல்லோருக்கும் பின்னே. சிங்கள யாத்திரிகரிடையே ஒரு கூட்டத்தை வழிநடத்தும் மூத்தவரை 'நடே குரா' என்பார்கள். நம் காதுக்கு அது 'நடை' என்றே ஒலிக்கிறது. முதன்முறை ஏறுவோரைக் 'கோடு' என்று செல்லமாகக் கேலி செய்வதும் அவர்கள் வழக்கம். எங்கள் கூட்டத்தில் ஐவரும் கோடுகள். நடே குரா பதவியைப் பெரியம்மாவுக்கே அளித்தோம். ஏறியிராவிட்டாலும் அம்மலையை அதிக நாள் பார்த்தவர் அவரன்றோ!

சிவனின் பாதம் என்று நாமும், புத்தரின் பாதம் என்று பௌத்தரும், ஆதம் நபியின் பாதம் என்று முஸ்லிம்களும், கிறிஸ்தவருள் சிலர் புனித தோமாவின் பாதம் என்றும் போற்றும் மலை அது. இரவில் ஏறுவோரும் இறங்குவோரும் மொழி பாராமல் 'கருணாவை' என்று ஒருவரையொருவர் வாழ்த்துவர் எனக் கேள்வியுற்றோம். அச்சொல்லை ஐவரும் பழகி வைத்திருக்கிறோம்.

நாங்கள் ஐவரும் உச்சியை அடைவோமா என்பது தெரியாது. பெரியம்மா பாதி வழியில் நிற்கவும் கூடும்; எங்களில் வேறொருவர் நிற்கவும் கூடும். யார் நின்றாலும் அவருக்கு இடமும் துணையும் நேரமும் குறிக்கப்பட்டிருக்கின்றன. முதன்முறை மலையேற எண்ணும் வாசகர்க்கு எங்களிடம் உள்ள யோசனை இதுவே: சப்பாத்து வாங்குமுன், உங்களுள் மெதுவாக நடப்பவர் யாரென்று பாருங்கள், அவரிடமிருந்து கணக்கைத் தொடங்குங்கள்.

பட்டியல் தாள் இப்போது எங்கள் கடைச் சுவரில் தொங்குகிறது. நேற்றுப் பெரியம்மா அதனை மகனிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, ஓர் ஊசியும் ஒரு கண்டு வெள்ளை நூலும் சேர்க்கும்படி சொன்னார். வழியில் இந்திகட்டுபான என்னும் இடத்தில் யாத்திரிகர் ஊசியும் நூலும் இடும் வழக்கம் உண்டு. சிறுவயதில் அம்மா சொல்லியிருந்தாராம். மகன் அதனையும் கடைசி வரியில் எழுதினான். பின், பைப் பட்டி அறுந்தால் தைக்கவும் உதவும் என்று அக்கா இன்னோர் ஊசியைத் தம் பையில் குத்தி வைத்துக்கொண்டார்.